தலைமாட்டில் நிற்கும் மருத்துவர்

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவரிடம், ஆபரேஷன் செய்த டாக்டர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்வார். கைராசிக்காரர் என்றும் சேர்த்துச் சொல்வார். மயக்கம் கொடுத்த டாக்டர் யார் என்று கேட்டால் விழிப்பார். யாரோ வந்து முதுகில் ஊசி போட்டார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவரும் டாக்டர்தானா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

அவரும் டாக்டர்தான். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்று ஆண்டு மயக்கவியலில் எம்.டி. படித்தவர். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து வேலை பார்க்கும் அத்தனை நேரமும் நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவருடைய மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் வலியையும் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்.

தலித் மக்களின் பிரச்சினைகளைப் பேசும் இந்தப் பத்தியில் மயக்க மருத்துவரின் பயிற்சியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நம் பிள்ளைகள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படித்தவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அந்த ஆண்டு சேர்ந்த முதல் அணியின் ஐந்தரை ஆண்டுக் கணக்கு 2026-ல் நிறைகிறது. எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்ததையே பெரிய வெற்றியாகக் கொண்டாடிய குடும்பங்களுக்கு முதுநிலைப் படிப்பு என்ற அடுத்த வாசல் புதியது. அந்த வாசலில் 7.5 விழுக்காடு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித்தர வீட்டிலும் தெருவிலும் ஆள் கிடையாது.

இரண்டாவது, நம் தாய்மார்கள். தாலுகா மருத்துவமனையில் கட்டடம் இருக்கும், கட்டில் இருக்கும், மகப்பேறு மருத்துவரும் இருப்பார். மயக்க மருத்துவர் இல்லாத இரவில் சிசேரியன் நடக்காது. வலியோடு துடிக்கும் பெண்ணை 108 வண்டியில் ஏற்றி மாவட்டத் தலைநகருக்கு அனுப்புவார்கள். காசு உள்ளவர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்தான் வண்டியில் போக வேண்டும். ஒரு மயக்க மருத்துவர் கூடுதலாகப் பயிற்சி பெற்று வெளியே வந்தால், அந்தப் பயணங்களில் சில குறையும்.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

1846-ம் ஆண்டு அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயங்கச் செய்தார். மற்றொரு மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதமே அந்த முறை கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் ஆபரேஷன் என்றால் நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள, அலறலுக்கு நடுவே அறுப்பதுதான். இன்றைக்கும் அக்டோபர் 16 உலக மயக்கவியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவருக்கு முதல் பாடம் ஊசி அல்ல, இயந்திரம். காலையில் முதல் நோயாளி வருமுன் தியேட்டருக்குப் போக வேண்டும். குழாயில் ஆக்சிஜன் வருகிறதா, அது நின்றால் எடுக்க உருளை நிறைந்திருக்கிறதா, உறிஞ்சு குழாய் வேலை செய்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா, ஒவ்வொரு ஊசிக் குழலிலும் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சைக்கிளை எடுக்குமுன் காற்றையும் பிரேக்கையும் பார்ப்பது போலத்தான். ஆனால் இதில் ஒன்றை விட்டாலும் உயிர் போகும்.

அடுத்தது மூச்சு. முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவுடன் நோயாளியின் மூச்சு நின்றுவிடுகிறது. அந்த நொடியிலிருந்து மூச்சு மருத்துவரின் கையில். இடது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முகமூடியை அழுத்தி, மற்ற மூன்று விரல்களால் தாடை எலும்பைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்த வேண்டும். படிக்க எளிது. பிடி வசப்படப் பல வாரங்கள் ஆகும். தாடி வைத்தவர், பல் இல்லாத பாட்டி, குண்டான உடம்புக்காரர், கைக்குழந்தை என்று ஒவ்வொரு முகத்துக்கும் பிடி மாறும்.

பிறகு குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக் குழாய்க்குள் டியூபைச் செலுத்த வேண்டும். முதலில் பொம்மையில் பழகி, பின்பு மூத்தவர் பக்கத்தில் நிற்க நோயாளியிடம் செய்ய வேண்டும். முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் கொடுத்திருந்தால் ஆரோக்கியமான ஒருவர் சில நிமிடங்கள் தாங்குவார். கர்ப்பிணியும் குழந்தையும் அவ்வளவு நேரம் தாங்க மாட்டார்கள். டியூப் மூச்சுக் குழாயில் போகாமல் உணவுக் குழாயில் போய்விட்டால் உடனே கண்டுபிடித்தாக வேண்டும். வெளிவரும் காற்றில் கரியமில வாயு இருக்கிறதா என்று காட்டும் கருவிதான் அதற்கு உறுதியான சாட்சி.

முதுகில் போடும் ஊசி வேறு வகை. தண்டுவடம் முடிந்துபோகும் இடத்துக்குக் கீழே, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைக் கையால் தடவி அளந்து, முள்ளெலும்புகளுக்கு நடுவே மிக மெல்லிய ஊசியைச் செலுத்துகிறார்கள். அதனால்தான் வாழ்நாளெல்லாம் முதுகு வலிக்கிறது என்று பல பெண்கள் நம்புகிறார்கள். பிள்ளைப்பேறுக்குப் பிறகு முதுகுவலி அந்த ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நீண்ட கால முதுகுவலிக்கு ஊசி காரணம் அல்ல.

தியேட்டரோடு வேலை முடிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, விபத்துப் பிரிவு, வலி நிவாரணப் பிரிவு எல்லாவற்றிலும் பயிற்சி உண்டு. கொரோனா காலத்தில் வென்டிலேட்டர் பக்கத்தில் பாதுகாப்பு உடையோடு நின்றவர்களில் பெரும்பங்கு இவர்களே. செய்த ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் எழுதிப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும். மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பணியாற்ற வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

நம் ஊர் நோயும் நம் ஊர் பேச்சும்

நெல் வயலிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்பவரைப் பாம்பு கடிக்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் கண் இமை சொருகும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்தோடு, டியூப் போட்டு இயந்திரத்தில் மூச்சு கொடுத்தால் இப்படிப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். அந்த நள்ளிரவில் டியூப் போட ஓடி வருபவர் பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் மயக்க மருத்துவர்தான். அந்த மருந்துக்கான விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுத்துத் தருவதும் நம் மக்களே. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்குகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களும் இதே பிரிவுக்குத்தான் வருகிறார்கள். அந்த மருந்துகளில் ஒரு வகை, நம் ரத்தத்தில் இருக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தை உடைத்துப் போடுவதும் அதே நொதிதான். ஆகவே பூச்சிமருந்து குடித்தவருக்கு அந்த ஊசியைப் போட்டால், சில நிமிடத்தில் தீர வேண்டிய அதன் வேகம் நெடுநேரம் நீடிக்கும். இதைப் பயிற்சி மருத்துவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த நொதிக்குள் ஒரு சாதிக் கதையும் இருக்கிறது. பிறவியிலேயே இந்த நொதி குறைவாக இருப்பவர்கள் உலகெங்கும் அரிதாக உண்டு. தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் அது கூடுதலாக இருப்பதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. அன்றாட வாழ்வில் அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. மயக்க மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வேறு மருந்து கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு சாதிக்குள் மட்டும் இது கூடியதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே நடந்த மணம். சாதியைக் கட்டிக் காப்பது அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். தியேட்டர் மேசையில் அதற்கு ரத்தத்திலேயே சாட்சி கிடைக்கிறது.

நிறமும் இங்கே பேச வேண்டிய விஷயம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். கருத்த தோல் உள்ளவர்களிடம் அது சில நேரம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடுகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2020-ல் ஓர் ஆய்வில் எடுத்துக்காட்டினார்கள். வெயிலில் கறுத்த நம் மக்களைப் பார்க்கும் மருத்துவர் எண்ணை மட்டும் நம்பாமல் நாக்கையும் உதட்டையும் மூச்சையும் பார்க்கப் பழக வேண்டும்.

பேச்சும் ஒரு மருந்துதான். ஆபரேஷனுக்கு முன் எட்டு மணி நேரம் முழுச் சாப்பாடு கூடாது, ஆறு மணி நேரம் இட்லி போன்ற லேசான உணவும் கூடாது, வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆனால் காலையில் கஞ்சி குடித்த பாட்டி அதைச் சொல்ல மாட்டார். சொன்னால் ஆபரேஷனை நாளைக்குத் தள்ளிவிடுவார்கள், கூட வந்த மகனுக்கு இன்னொரு நாள் கூலி போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் தெரிந்த வீட்டில் வளர்ந்த மருத்துவர், கேட்க வேண்டிய விதத்தில் கேட்டு உண்மையை வாங்கிவிடுவார். முதல் தலைமுறை மருத்துவர் கொண்டுவரும் இந்த அறிவுக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

தெர்மாமீட்டர் கைமாறிய கதை

அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார். குஜராத்தின் கத்தியவாரில் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் எழுதிய கடிதம் அது. காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் 1929 டிசம்பரில் வெளிவந்தது. பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியை வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொன்னார். பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியாக அது திரும்பிப் போனது. நாடியைக்கூடத் தொடாமல் நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார். அந்தப் பெண் இறந்துபோனார்.

இன்று நம் பிள்ளை ஒருவர் தியேட்டரில் எந்தச் சாதிக்காரரின் தாடையையும் தூக்கிப் பிடிக்கிறார், முதுகெலும்பைத் தடவி அளக்கிறார், அவருக்காக மூச்சு விடுகிறார். நூறு ஆண்டுக்குள் நடந்த மாற்றம் இது. மலக்குழிக்குள் இறங்கி மூச்சு முட்டிச் சாகும் தொழிலாளிகளைப் பற்றி எழுதும் போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்வது உண்டு: மூச்சை இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் மூச்சு கொடுக்கும் படிப்பைப் படிக்கிறார்கள்.

ஆனால் தொட்டுவிட்டதால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை.

உதவி கேட்க முடிய வேண்டும்

2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலைன் பிரோமிலி என்ற 37 வயதுத் தாய், சைனஸ் தொந்தரவுக்கான சாதாரண ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு முகமூடியாலும் மூச்சு கொடுக்க முடியவில்லை, டியூபும் போகவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் அங்கே இருந்தார்கள். டியூபைப் போட்டுவிட வேண்டும் என்பதிலேயே அவர்களுடைய கவனம் சிக்கிக்கொண்டது. அந்த அறையில் இருந்த நர்ஸ் ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவி தயாராக இருப்பதைத் தெரிவித்தார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குச் சொல்லிவைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரக்கச் சொல்லத்தான் முடியவில்லை. 13 நாள் கழித்து எலைன் இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின், யாரையும் பழிக்காமல், மருத்துவமனைகளில் இளையவர்கள் வாய் திறந்து பேசும் பழக்கத்தை உண்டாக்குவதற்காக ஓர் அமைப்பையே தொடங்கினார்.

மயக்கவியல் பயிற்சியின் முக்கியமான பாடம் இதுதான். “எனக்கு வரவில்லை, வந்து உதவுங்கள்” என்று சரியான நொடியில் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டு முறை முயன்றும் டியூப் போகவில்லை என்றால், கௌரவம் பார்க்காமல் மூத்தவரைக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடுபவரே பாதுகாப்பான மருத்துவர்.

இப்போது ஒரு தலித் மாணவரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சேர்ந்த நாளிலிருந்து “கோட்டாவில் வந்தவர்” என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவருக்கு டியூப் போகாவிட்டால் “கஷ்டமான கேஸ்” என்பார்கள். இவருக்குப் போகாவிட்டால் “அதான் சொன்னேனே” என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவர் உதவி கேட்பாரா, அல்லது மூன்றாவது முறையும் தானே முயன்று பார்ப்பாரா? அவர் தயங்கும் ஒவ்வொரு நொடியும் மேசையில் படுத்திருப்பவருக்கு ஆக்சிஜன் குறைகிறது. மேசையில் படுத்திருப்பவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். சாதிச் சொல்லால் ஒரு பயிற்சி மருத்துவரின் வாயை அடைப்பவர், நோயாளியின் மூச்சையும் சேர்த்து அடைக்கிறார்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கைத்தொழில் எதுவானாலும் செய்து செய்துதான் வரும். இரண்டு பேர் ஒன்றாகச் சேர்கிறார்கள். ஒருவரை அழைத்து “நீ டியூப் போடு” என்கிறார்கள். மற்றவரிடம் “நீ மருந்தை நிரப்பி வை, நோட்டில் எழுது” என்கிறார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் ஒருவருக்குக் கை தேறியிருக்கும், மற்றவருக்குத் தேறியிருக்காது. பிறகு தகுதி இல்லை என்ற பட்டம் எளிதாக வந்துவிடும்.

இது வெறும் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் பாகுபாடாக நடத்தப்படுவதாக எழுந்த புகாரை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஆசிரியர்களிடம் போதிய ஆதரவு கிடைக்காதது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நியாயமான மதிப்பீடு இல்லாதது, விடுதியில் ஒதுக்கப்படுவது ஆகியவற்றை மாணவர்கள் சொன்னதை 2007-ல் அந்தக் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு முதுநிலை மாணவியான பழங்குடிப் பெண் டாக்டர் பாயல் தட்வி விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் மூவர் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாகக் குடும்பம் புகார் கொடுத்து வழக்கு நடக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் தனக்கு வேலை பழக வாய்ப்புத் தரவில்லை என்பதும் அந்தப் புகாரில் ஒன்று.

மருந்தில்லாத மருந்து

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கான பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஒரே தாள், 19 கேள்விகள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பின் இறப்போர் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கத்தி வைப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் செய்யும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா என்பதுதான். ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவர், ஆபத்து வரும்போதும் வாய் திறப்பார் என்பதே அதன் தர்க்கம். பெயரும் வேலையும் போதும். ஊர், தெரு, அப்பா பெயர், எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்ற விசாரணைக்கு அந்தத் தாளில் இடமில்லை.

இதைப் பின்பற்றப் பணம் தேவையில்லை. நாம் கேட்பது இன்னும் இரண்டு. ஒவ்வொரு மயக்கவியல் துறையிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்சிப் பதிவேடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். யார் எத்தனை டியூப் போட்டார், எத்தனை முதுகு ஊசி போட்டார் என்ற கணக்கைத் துறைக்குள் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். குறைந்தவருக்கு அடுத்த மாதம் கூட்டித் தர வேண்டும். மற்றது ஓய்வு. உறைவிட மருத்துவர்களின் தொடர்ச்சியான டூட்டி வழக்கமாக நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. நியாயமான வேலை நேரமும் ஓய்வும் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. தூங்காத கண் நோயாளியைக் காக்காது. டூட்டிப் பட்டியலில் சாதி புகுந்தால், தூங்காத கண் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

எம்.பி.பி.எஸ். முடித்ததும் நீட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். தமிழக அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அங்கே எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடு. மீதி பாதியில் தமிழகத்தின் 69 விழுக்காடு ஒதுக்கீடு செல்லும். எஸ்.சி.க்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநில இடங்களில் தனி ஒதுக்கீடு உண்டு. கிராமத்தில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு அந்த வழியில் வருவதும் நல்ல வழிதான். அரசு இடத்தில் சேரும்போது, படித்து முடித்ததும் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். அதை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கலந்தாய்வில் தோல் மருத்துவமும் ரேடியாலஜியும் முதலில் தீர்ந்துவிடும். வேறு கிடைக்காததால் மயக்கவியல் என்று யாராவது சொன்னால் தலை குனியாதீர்கள். சொந்தமாக மருத்துவமனை கட்ட முதல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, கைத்திறனை மட்டும் நம்பிப் பிழைக்க ஏற்ற துறைகளில் இது ஒன்று. அதைவிட முக்கியம், உங்கள் தாலுகா மருத்துவமனையில் இரவு நேரத்தில் காணாமல் போகும் ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

சேர்ந்த பிறகு உங்கள் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கு வேலை பழகத் தரவில்லை என்றால் அதுவே ஆதாரம். சாதியைச் சொல்லி யாராவது பேசினால் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் பெயரோடு குறித்து வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ம் ஆண்டு விதிகள் பாகுபாட்டை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கின்றன. பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ராகிங் புகாருக்கு 1800-180-5522, வன்கொடுமைப் புகாருக்கு 14566, மனம் தளரும்போது பேச 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்கள் இருக்கின்றன.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை டாக்டராகிவிட்டான், இனிக் கவலையில்லை என்று விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுப் பயிற்சியில் வீட்டுக்குப் போன் வருவது குறையும். வந்தால், எவ்வளவு சம்பளம் என்று கேட்பதற்கு முன் தூங்கினாயா, சாப்பிட்டாயா, அங்கே உன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் ஏறி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.